மலிவு எது? பள்ளிக்கூடம் திறக்கும் முன் ஒரு கணக்குப் பாடம்



பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கும்போது நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கல்வி உதவி மனுக்கள் வரத் தொடங்கிவிடும். மனுவில் முதலில் எழுதப்படுவது பள்ளிக் கட்டணம். அதற்குக் கீழே நோட்டு, பேனா, பை, பிராஜெக்ட் பேப்பர், பிரிண்ட் செலவு என்று ஒரு பட்டியல் இருக்கும். கட்டணத்துக்கு எப்படியோ வழி பண்ணிவிடும் வீடுகளில்கூட இந்தச் சில்லறைச் செலவுக்காகக் கைமாற்று வாங்குகிறார்கள். சிலர் நகையை அடகு வைக்கிறார்கள், சிலர் தினவட்டிக்குப் போகிறார்கள். வட்டி எவ்வளவு பெரிய பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்தவர்களே வேறு வழி தெரியாமல் அதில் கால் வைக்கிறார்கள்.

வருமானத்தைக் கூட்டுவது நம் கையில் உடனே இல்லை. வாங்கும் முறையை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. எனவே இந்த மாதப் பாடமாக, எழுதுபொருள், பிரிண்டர் மை, வீட்டுக்கான பேன்சி பொருட்கள் ஆகிய மூன்றையும் சிக்கனமாக வாங்குவது எப்படி என்று பார்ப்போம். மூன்றுக்கும் ஒரே சூத்திரம்தான்: பொருளின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு தடவை பயன்படுத்த ஆகும் விலையைப் பாருங்கள். கீழே வரும் விலைகள் கணக்கு புரிவதற்காகச் சொல்லப்படுபவை. உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

1. நோட்டும் தாளும்

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலாவது, போன வருட நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். எழுதாத தாள்களைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால் ரஃப் நோட்டு தயார். இரண்டாவது, பள்ளியில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வகுப்பைப் பொறுத்துப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, வடிவியல் பெட்டி போன்றவை இலவசமாக வழங்கப்படுகின்றன. பள்ளி திறந்து ஆசிரியர் பட்டியல் தரும் வரை முதல் வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் போதும்.

கடையில் நோட்டை எடுத்ததும் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 92 பக்க நோட்டு 35 ரூபாய், 192 பக்க நோட்டு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு பக்கம் 38 காசு. இரண்டாவதில் 31 காசு. கையில் கொடுக்கும் பணம் குறைவாக இருப்பதால் சின்ன நோட்டு மலிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே சமயம் ஓவியத்துக்கோ நீதிபோதனைக்கோ 192 பக்க நோட்டு வாங்கினால் பாதி நோட்டு வெற்றாகவே கிடக்கும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எழுதுவார்கள் என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். அவர்களையும் உட்காரவைத்துப் பட்டியல் போடுங்கள்.

பக்கம் வேறு, தாள் வேறு. 192 பக்கம் என்றால் 96 தாள். அட்டவணைப் பக்கத்தையும் அச்சிட்ட பக்கங்களையும் சேர்த்து எண்ணியிருப்பதாகச் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் நோட்டுகளும் உண்டு. படித்துப் பாருங்கள்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. பள்ளி நோட்டுகளில் 54 முதல் 60 ஜி.எஸ்.எம். வரையான தாள் பரவலாக இருக்கும். அதற்கும் மெல்லிய தாளில் மை பின்பக்கம் தெரியும், பிள்ளை ஒரு பக்கம் மட்டுமே எழுதும். பாதி நோட்டு வீண்.

பிரிண்டுக்கு வாங்கும் ஏ4 தாளைத் தராசில் வைத்தே சோதிக்கலாம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு 80 ஜி.எஸ்.எம். என்றால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும். 75 என்றால் சுமார் 2 கிலோ 340 கிராம். 70 என்றால் சுமார் 2 கிலோ 180 கிராம். உறையின் எடை மிகக் குறைவு. கட்டின் எடை கணிசமாகக் குறைந்தால் தாளின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும், அல்லது தாள் மெலிந்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ஷார்ப்னர், ரப்பர், கிரேயான் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் இவற்றுக்கு வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

2. எங்கே வாங்குவது?

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளும் எழுதுபொருளும் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஈவினிங் பஜார் பக்கம் பேன்சி பொருட்களும், ரிச்சி தெருவில் பிரிண்டர், மை வகையறாவும் கிடைக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு எட்டு நோட்டு வாங்க ஆட்டோ வைத்துக்கொண்டு போனால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

அதற்குக் கூட்டுக் கொள்முதல் நல்ல வழி. ஒரே தெருவில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து பட்டியலை ஒன்றாக்குங்கள். டஜன் கணக்கில் வாங்கினால் விலை குறையும், போக்குவரத்துச் செலவும் பங்காகிவிடும். யார் எவ்வளவு கொடுத்தார், எதை எடுத்தார் என்பதைக் காகிதத்தில் எழுதி, பில்லுடன் சேர்த்து எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விட்ட கணக்குதான் பின்னால் மனக்கசப்பாகிறது.

தெருமுனைக் கடைக்காரரையும் மறந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு பேனா, மாதக் கடைசியில் கடனுக்கு ஒரு நோட்டு என்று கொடுப்பவர் அவர்தான். நடைபாதையில் விற்கும் தாயிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவது சிக்கனத்தில் சேராது.

3. பிரிண்டர் மை

பிள்ளைகளின் பிராஜெக்ட், ஒர்க் ஷீட் என்று பிரிண்ட் எடுக்கும் தேவை கூடிவிட்டது. வீட்டிலேயே ஒரு பிரிண்டர் இருந்தால் நல்லது என்று பலர் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். வாங்கும் முன் மாதம் எத்தனை பக்கம் தேவை என்று மூன்று மாதம் குறித்துப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன பிரிண்டர் 3,500 ரூபாய் என்போம். அதன் கருப்பு கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், 180 பக்கம் வரும் என்றால் ஒரு பக்கத்துக்கு மை மட்டும் 5 ரூபாய். மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் 12,000 ரூபாய். மை பாட்டில் 450 ரூபாய், 4,500 பக்கம் வரும் என்றால் ஒரு பக்கம் 10 காசு. மாதம் 100 பக்கம் எடுக்கும் வீட்டில் இரண்டு ஆண்டில் முதல் வகைக்கு 15,500 ரூபாய் ஆகும். இரண்டாவது வகைக்கு 12,240 ரூபாய்தான். மலிவு பிரிண்டர் மையில் பணத்தைப் பிடுங்கிவிடுகிறது.

மாதம் 20 பக்கம்தான் தேவை என்றால் இரண்டுமே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்தாலும் மாதம் 40, வருடம் 480 ரூபாய். ஈ.எம்.ஐ. போட்டுப் பிரிண்டர் வாங்க அவசியமே இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் போன்ற ஆவணங்களை அனுப்பினால், வேலை முடிந்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பிரிண்டர் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு நிர்ணயித்த மாதிரிப் பக்கங்களை வைத்துச் சொல்வது. பக்கம் நிறைய வண்ணப் படம் எடுத்தால் அந்தக் கணக்கு நிற்காது.

இங்க்ஜெட் பிரிண்டரை மாதக்கணக்கில் சும்மா வைத்தால் மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மை செலவாகும். வாரம் ஒரு பக்கமாவது எடுங்கள். சுவரில் உள்ள ஸ்விட்சை நேரடியாக அணைக்காமல், பிரிண்டரின் பொத்தானை முதலில் அணையுங்கள்.

டிராஃப்ட் முறையில், தாளின் இரு பக்கமும் எடுங்கள். கூடியவரை கருப்பு மட்டும் போதும்.

வேறு கம்பெனியின் பொருத்தமான மையையோ ரீஃபில்லையோ பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் அதனால் பழுது ஏற்பட்டால் வாரண்டியில் சேராமல் போகலாம். வாரண்டி உள்ள வரை ஒரிஜினல், பிறகு நம்பகமான கடை மை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது சீலையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காலியான கார்ட்ரிட்ஜும் சட்டப்படி மின்னணுக் கழிவுதான். குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

4. பேன்சி பொருட்கள்

'எதை எடுத்தாலும் 10 ரூபாய்', 'எல்லாம் 99' என்ற பலகையைப் பார்த்ததும் நம் கால் தானாக நின்றுவிடுகிறது. நோட்டு வாங்கப் போன பையில் கயிறு இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா, சுவரில் ஒட்டும் கொக்கி, பொம்மை விளக்கு எல்லாம் ஏறிவிடும். கயிறு அறுந்தால் டப்பாவுக்கு மாற்றுக் கயிறு கிடைக்காது. சுண்ணாம்புச் சுவரில் கொக்கி நிற்காது. 99 ரூபாய்ப் பொருள் மூன்று தடவை உழைத்தால் ஒரு தடவைக்கு 33 ரூபாய். 600 ரூபாய்ப் பொருள் ஐந்து வருடம் தினமும் உழைத்தால் ஒரு தடவைக்கு 33 காசு.

எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இந்த வேலையை வீட்டில் இப்போது எதைக் கொண்டு செய்கிறோம்? இது பழுதானால் சரிசெய்ய முடியுமா? ஒரு வாரம் கழித்தும் இது வேண்டும் என்று தோன்றுமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு வாரம் காத்திருப்பதே பதில் தந்துவிடும்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விளக்கு எரியும் பேனா, பாட்டுப் பாடும் அட்டை, சின்ன ரிமோட் போன்றவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். வலி இல்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்படாத பொருளை, சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். மிட்டாய் போலவும் பழம் போலவும் மணக்கும் ரப்பர்களும் அப்படித்தான். பள்ளி போகும் அக்காவுக்கு வாங்கியது, தவழும் தம்பியின் தொண்டையில் சிக்கும்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பொம்மை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

5. நம் உரிமை

பொட்டலத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் கேட்பது குற்றம். பில் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை இதை மாற்றிவிடாது. கடைக்காரரிடம் முதலில் பொறுமையாகப் பேசுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

6. கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு

நம் ஜமாஅத்தில் பேன்சி ஸ்டோர், ஜெராக்ஸ் கடை, புத்தகக் கடை நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் ஒரு சூரா குர்ஆனில் உண்டு. அது தானியத்துக்கும் தராசுக்கும் மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை ஒரிஜினல் என்று விற்பதும், தாள் குறைந்த கட்டை முழுக் கட்டு என்று கொடுப்பதும் அதே மோசடிதான். ரீஃபில்லை ரீஃபில் என்றே சொல்லி விற்றால் அது ஹலாலான வியாபாரம். வாங்குபவருக்கும் பணம் மிச்சம்.

7. கொடுப்பவர்களுக்கு

நோட்டும் பேனாவும் தானமாகத் தருகிறீர்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக எழுதாத பேனாவையும் மை ஊறும் நோட்டையும் வாங்கித் தராதீர்கள். அதைப் பெறும் தாய் மறுவாரம் தன் கூலியில் வேறு பேனா வாங்குகிறாள். நம் பிள்ளை எதில் எழுதுமோ அதையே யதீம் பிள்ளைக்கும் கொடுப்போம். நூறு பேருக்கு உதவாததைவிட அறுபது பேருக்கு உதவுவது மேல்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழைய நோட்டுகளைப் பிரித்து வைத்தல், பிள்ளையுடன் பட்டியல் போடுதல், பக்கத்து வீட்டில் யார் சேர்ந்து வாங்க வருகிறார்கள் என்று கேட்டல். இவ்வளவு செய்தும் பணம் போதவில்லை என்றால், வட்டிக்குப் போகும் முன் ஒரு நடை நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் பட்டியலையும் கையோடு கொண்டு வாருங்கள். எதை நாம் தரலாம், எதைக் கூட்டாக வாங்கலாம் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.