அப்பா வேடத்திற்கு யார்? – ஜப்பானிய குணச்சித்திர நடிகர் தகாஷி ஷிமுரா

பல்கலைக்கழகத் தமிழ் நாடகங்களுக்கு நடிகர் தேர்வு நடக்கும் நாளை நீங்களும் கண்டிருப்பீர்கள். கதாநாயகன் வேடத்திற்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். வில்லனுக்கும் போட்டி இருக்கும். ஆனால் 'கதாநாயகியின் அப்பா', 'பக்கத்து வீட்டுப் பெரியவர்', 'அலுவலக மேலாளர்' என்று இயக்குநர் வாசிக்கத் தொடங்கியதும் அறை அமைதியாகிவிடும். கடைசியில், அன்று தாமதமாக வந்தவர் தலையில் அப்பா வேடம் விழும்.

அப்படிப்பட்ட வேடங்களையே வாழ்நாளின் பெரும்பகுதி ஏற்று நடித்து, உலகத் திரைப்பட வரலாற்றில் அழியாத இடம்பெற்ற ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் தகாஷி ஷிமுரா. நம்மைப் போலவே அவரும் ஒரு பல்கலைக்கழக நாடகக் கழகத்திலிருந்து புறப்பட்டவர்தான்.

குணச்சித்திரம் என்றால் என்ன?

தமிழ்த் திரையுலகம் இத்தகைய நடிகருக்கு 'குணச்சித்திர நடிகர்' என்ற அழகான பெயரைத் தந்திருக்கிறது. டி.எஸ். பாலையா, எஸ்.வி. ரங்காராவ் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனைப் பார்க்கும்போது அந்த நட்சத்திரத்தின் முகம் நம் கண்முன் நிற்கிறது. குணச்சித்திர நடிகரைப் பார்க்கும்போதோ அந்த மனிதரின் குணம்தான் நிற்கிறது. நடிகர் தம்மை மறைத்துக்கொள்ள, பாத்திரம் வெளியே வருகிறது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஷிமுராவின் வாழ்க்கை அந்தப் பயிற்சியின் கதை.

சுரங்க ஊரிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

ஷிமுரா 1905ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள இகுனோ என்னும் ஊரில் பிறந்தார். வெள்ளிச் சுரங்கத்திற்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவர் தந்தை சுரங்க நிறுவனத்தில் பணியாற்றினார். குடும்பமோ பழைய சாமுராய் மரபைச் சேர்ந்தது. பெற்றோர் இட்ட பெயர் ஷோஜி ஷிமசாக்கி. ஷிமுரா என்பது நடிகரான பிறகு ஏற்ற பெயர்.

பள்ளிப் பருவத்தில் காசநோய் தாக்கியதால் அவருடைய படிப்பு இரண்டாண்டு தடைப்பட்டது. தந்தையின் பணிமாற்றத்தால் பின்னர் நொபெயோக்கா என்னும் ஊரில் படித்தபோது, பள்ளியின் இலக்கிய இதழில் ஈடுபாடு காட்டினார். பிறகு ஒசாக்காவின் கன்சாய் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். தந்தை ஓய்வு பெற்றதும் குடும்பத்தால் கல்விக் கட்டணம் கட்ட முடியவில்லை. அதனால் மாலை வகுப்புக்கு மாறி, பகலில் ஒசாக்கா நகராட்சியின் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தார். பகலில் வேலை, இரவில் பாடம் என்று படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையேயும் பலர் உண்டு. அவர்களுக்கு இந்தக் களைப்பு புரியும்.

அங்கேதான் நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத் துறையில் நாடகாசிரியர் ஒருவரும் ஷேக்ஸ்பியர் அறிஞர் ஒருவரும் ஆசிரியர்களாக இருந்தனர். அவர்கள் ஊட்டிய ஆர்வத்தில் ஷிமுரா பல்கலைக்கழக நாடகக் கழகத்தில் சேர்ந்தார். 1928இல் நண்பர்களுடன் சொந்தமாக ஒரு நாடகக் குழுவையும் தொடங்கினார். ஒத்திகைக்காக வேலைக்கு மட்டம் போடத் தொடங்க, நகராட்சி வேலை பறிபோனது. பிறகு படிப்பையும் விட்டார். குழு ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்டது; கடனில் விழுந்து கலைந்தது.

'பார்த்தாயா, நாடகம் நாடகம் என்று அலைந்தால் இதுதான் கதி' என்று எந்தப் பெற்றோரும் சொல்லியிருப்பார்கள். அன்று அது உண்மையாகத்தான் இருந்தது. வேலை இல்லை, பட்டம் இல்லை, குழுவும் இல்லை. வானொலி நாடகங்களில் சிறு வேடங்கள் செய்தார். 1930இல் வேறொரு தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். திரைப்படம் பேசத் தொடங்கிய காலம் அது. மேடையில் குரலைப் பழக்கியவர்களுக்கு இனி அங்கே இடம் உண்டு என்று கணித்து, 1932இல் கியோத்தோவில் உள்ள ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் சேர்ந்தார்.

நூறு படங்கள் என்னும் பள்ளிக்கூடம்

1936இல் புகழ்பெற்ற இயக்குநர் கென்ஜி மிசோகுச்சியின் 'ஒசாக்கா சோக கீதம்' படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்தார். ஓரளவு குறிப்பிடத்தக்க முதல் வேடம் அதுவே. 1937 முதல் 1942 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 100 படங்களில் நடித்தார். பெரும்பாலும் வரலாற்றுப் படங்கள். பெரும்பாலும் துணை வேடங்கள். 1939இல் வந்த ஓர் இசைப் படத்தில் பாடவும் செய்தார்.

இந்த நூறு படங்களை இன்று பலர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பின்னாளில் நாம் வியக்கும் ஷிமுராவை உருவாக்கியவை அவையே. கையை எங்கே வைப்பது, எதிரே நிற்பவர் பேசும்போது எப்படிக் கேட்பது, கேமரா வேறொருவர் மீது இருக்கும்போதும் பாத்திரமாகவே எப்படி இருப்பது என்பனவற்றை அங்கேதான் கற்றார்.

இருண்ட காலம்

ஜப்பான் என்றதும் நம் தாத்தா பாட்டியருக்கு நினைவுக்கு வருவது திரைப்படம் அல்ல. 1942 முதல் 1945 வரையிலான ஆக்கிரமிப்பும், சயாம் மரண இரயில்பாதையில் மாண்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளரும்தான். அந்த இராணுவ ஆட்சி தன் சொந்த மக்களையும் விட்டுவைக்கவில்லை. முன்பு இடதுசாரி நாடகக் குழுக்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்பதற்காக, சிந்தனைக் குற்றங்களை வேட்டையாடிய சிறப்புக் காவல்துறை ஷிமுராவையும் பிடித்துச் சென்றது. ஏறத்தாழ மூன்று வாரம் காவலில் இருந்தார். மனைவி மசாக்கோவும் சக நடிகர் ஒருவரும் பொறுப்பேற்ற பிறகே வெளியே வந்தார்.

அதன்பின் அவர் எதிர்ப்பாளராக மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1944இல், போர்க்கால உற்பத்தியைப் போற்றும் ஒரு பிரச்சாரப் படத்தில் தொழிற்சாலைத் தலைவராக நடித்தார். ஆனால் போர் முடிந்த மறு ஆண்டு, 'என் இளமைக்கு வருத்தமில்லை' என்ற படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் எது தெரியுமா? தம்மைப் பிடித்துச் சென்ற அதே சிறப்புக் காவல்துறையின் அதிகாரி வேடம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த முகத்தை, இந்தப் பக்கம் உட்கார்ந்து நடித்துக் காட்டினார்.

குரோசாவாவும் ஷிமுராவும்

மேலே சொன்ன இரு படங்களையும் இயக்கியவர் அகிரா குரோசாவா. அவருடைய முதல் படம் 'சன்ஷிரோ சுகாத்தா' 1943இல் வந்தது. அதில் ஷிமுராவுக்கு என்ன வேடம்? கதாநாயகியின் அப்பா! வயதான மல்யுத்த ஆசானாக வந்து கதாநாயகனிடம் தோற்கும் அப்பா. தோற்பவரின் கண்ணியத்தை அவர் காட்டிய விதத்தால்தான் வென்றவனின் மனப்போராட்டம் நமக்குப் புரிகிறது. குரோசாவா இயக்கிய 30 படங்களில் 21 படங்களில் ஷிமுரா நடித்தார். குரோசாவாவின் நாயகன் என்று உலகம் அறிந்த தோஷிரோ மிஃபுனே நடித்தவை 16 தான்.

மிஃபுனே நெருப்பு என்றால் ஷிமுரா அடுப்பு. நெருப்புக்கு ஓர் இடம் கொடுத்து அதைச் சமைக்க உதவுவது அடுப்புதானே. 'குடிகார தேவதை' (1948) படத்தில் மிஃபுனே காசநோய் பிடித்த ரவுடி. அவனைக் காப்பாற்றப் போராடும் குடிகார மருத்துவர் ஷிமுரா. படத்தின் பெயர் குறிப்பது மருத்துவரைத்தான். 'தெருநாய்' (1949) படத்தில் துப்பாக்கியைப் பறிகொடுத்துத் தவிக்கும் இளம் போலீஸ்காரர் மிஃபுனே. அவரை நிதானப்படுத்தும் மூத்த அதிகாரி ஷிமுரா. அந்தப் படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான மைனிச்சி விருது ஷிமுராவுக்கே கிடைத்தது.

1950இல் வந்த 'ரஷோமோன்' மறு ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்று, ஜப்பானியத் திரைப்படத்தை உலகறியச் செய்தது. ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதை. எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பார்த்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானதே; அப்படத்திற்குத் தூண்டுகோல் 'ரஷோமோன்'. அதில் ஷிமுரா விறகுவெட்டி. நடுநிலையான சாட்சி போல் வருபவர், தாமும் ஒரு திருட்டை மறைத்தவர் என்பது பின்னர் தெரிகிறது. ஆனால் இறுதியில், கைவிடப்பட்ட குழந்தையைத் தம் ஆறு பிள்ளைகளோடு ஏழாவதாக எடுத்துச் செல்பவரும் அவரே. மனிதர்மேல் நம்பிக்கை வைக்கலாமா என்ற படத்தின் கேள்விக்கு, குழந்தையை ஏந்தி நடக்கும் அந்த முகமே விடை.

மீண்டும் நகராட்சி மேசைக்கு

1952இல் வந்தது 'இகிரு'. 'வாழ்தல்' என்று பொருள். ஷிமுராவுக்கு அப்போது 47 வயது. இம்முறை அவரே கதாநாயகர்.

வத்தனபே ஒரு நகராட்சி அலுவலகப் பிரிவுத் தலைவர். ஏறத்தாழ முப்பதாண்டுகளாக முத்திரை குத்துவதே வேலை. அவருக்கு வயிற்றில் புற்றுநோய். இன்னும் சில மாதங்களே ஆயுள். குடித்துப் பார்க்கிறார், இரவு விடுதிகளில் அலைகிறார், நிம்மதி இல்லை. அலுவலகத்தை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போன ஓர் இளம்பெண், தான் செய்த பொம்மை முயலைக் காட்டுகிறாள். அப்போதுதான் தாமும் எதையாவது உருவாக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதிக்கிறது. சாக்கடை தேங்கிய ஓர் இடத்தைச் சிறுவர் பூங்காவாக்கித் தரும்படி தாய்மார்கள் கொடுத்த மனு, துறைக்குத் துறை பந்தாடப்பட்டுக் கிடந்தது. அதைக் கையில் எடுக்கிறார். அவமானப்பட்டும் காத்திருந்தும் கெஞ்சியும் பூங்காவைக் கட்டி முடித்து, பனி பொழியும் இரவில் அதன் ஊஞ்சலில் அமர்ந்து பாடியபடியே உயிர் விடுகிறார்.

இப்படத்தில் ஷிமுரா உரத்துப் பேசுவதே அரிது. குனிந்த முதுகு, தொண்டையில் சிக்கும் சொற்கள், விரிந்த கண்கள். அவ்வளவுதான். ஒத்திகைக்காக நகராட்சி வேலையை இழந்த இளைஞர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு நகராட்சி ஊழியராகத் திரையில் அமர்ந்தார். தாம் விட்டுவந்த மேசையை அவர் கேலி செய்யவில்லை. அந்த மேசையில் இருந்தபடியும் ஒரு மனிதன் வாழ முடியும் என்று காட்டினார். இதே கதையை நோபெல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ ஆங்கிலத்தில் எழுத, 2022இல் 'லிவிங்' என்ற படமாக வந்தது.

ஒரே ஆண்டு, இரண்டு முகங்கள்

1954இல் வந்த 'ஏழு சாமுராய்' படத்தில் ஷிமுரா, உழவர்களைக் காக்கும் வீரர்களின் தலைவர் கம்பெய். ஒரு குழந்தையை மீட்பதற்காக, சாமுராயின் பெருமையான குடுமியை மழித்துத் துறவி வேடம் போடுவார். பிறகு படம் முழுதும் அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி யோசிப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூனிக் குறுகிய வத்தனபேயா இவர் என்று வியப்போம்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'கோட்ஜில்லா'வில் அவர் தொல்லுயிர் ஆய்வாளர் யமனே. அணுகுண்டுச் சோதனையால் எழுந்து வந்த விலங்கு அது. அதை எல்லாரும் கொல்லத் துடிக்கும்போது, ஆராய வேண்டும் என்று வாதிடுபவர் அவர். ரப்பர் உடையில் ஒருவர் நடந்து வரும் படத்தை நாம் நம்புவதற்குக் காரணம், அதை நம்பிய ஷிமுராவின் கண்கள்.

அதன்பின் அவருக்குக் கிடைத்தவை மீண்டும் சிறு வேடங்களே. 'யோஜிம்போ' (1961), 'செந்தாடி' (1965) போன்ற படங்களில் சில காட்சிகள் மட்டும் வந்தார். தலைவர் வேடம் செய்தவர் சிறு வேடம் செய்வதா என்று அவர் ஒதுங்கவில்லை. குரோசாவா 1980இல் எடுத்த 'ககெமுஷா'வில் அவருக்காகவே ஒரு சிறு வேடம் எழுதப்பட்டது. வெளிநாடுகளில் திரையிடப்பட்ட படத்தில் அப்பகுதி வெட்டப்பட்டது. 1982 பிப்ரவரி 11ஆம் நாள், 76 வயதில் ஷிமுரா மறைந்தார். பிற்காலத்தில் வந்த முழுப் பதிப்பில் வெட்டப்பட்ட காட்சிகள் மீண்டும் சேர்ந்தன.

நமக்கான பாடம்

நம்மில் பெரும்பாலோர் பட்டம் பெற்றபின் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு மேசையில் அமரப் போகிறோம். பலர் ஏற்கெனவே அமர்ந்துவிட்டோம். செய்தித்தாளில் நம் படம் வராது. மேடையின் நடுவிலும் நிற்க மாட்டோம். ஆனால் ஷிமுரா கற்றுத்தருவது ஒன்றுதான்: வேடம் சிறியதா பெரியதா என்பதை மற்றவர் தீர்மானிக்கலாம், அதில் நாம் முழுமையாக இருக்கிறோமா என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். அவர் நூறு படங்களில் யாரும் கவனிக்காதபோதும் முழுமையாக இருந்தார். அதனால்தான் 47ஆம் வயதில் வாய்ப்பு வந்தபோது, அவரிடம் கொடுப்பதற்கு ஒரு முழு மனிதர் இருந்தார்.

அடுத்த நாடகத்தின் நடிகர் தேர்வில், 'அப்பா வேடத்திற்கு யார்?' என்று இயக்குநர் கேட்கும்போது அறை அமைதியாக வேண்டியதில்லை. யாராவது ஒருவர் மகிழ்ச்சியோடு கையைத் தூக்குங்கள்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. 'இகிரு'வின் வத்தனபே இறந்தபின், அவரைப் போல் உழைப்போம் என்று சக ஊழியர்கள் குடிபோதையில் சபதம் செய்கிறார்கள். மறுநாள் பழையபடியே மாறிவிடுகிறார்கள். இம்முடிவு நம்பிக்கை தருகிறதா, குலைக்கிறதா?

2. 'அந்த நாள்', 'ரஷோமோன்' இரண்டையும் பாருங்கள். 'அந்த நாள்' கொலையாளி யார் என்பதைத் தெளிவாகச் சொல்லி முடிகிறது. 'ரஷோமோன்' ஏன் அப்படி முடியவில்லை?

3. நீங்கள் பார்த்த தமிழ்ப் படங்களில், கதாநாயகனை மறந்தபின்பும் நினைவில் நிற்கும் குணச்சித்திர நடிகர் யார்? அவர் செய்த எந்தச் சிறு செயல் உங்கள் மனத்தில் தங்கியது?