மாற்றிக் கொடுங்கள் என்று வருவார்கள்

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு கவுன்சலிங் அறையில் உட்காரப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த டெஸ்ட் கொடுக்கலாம், எந்த தெரபி நல்லது என்பதைத்தான். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பாலினம், பாலீர்ப்பு, உடல் தோற்றம் சம்பந்தமாக வருகிறவர்கள் முன்னால் உட்காரும்போது தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வரிசைக்கு அர்த்தம் எதுவும் இல்லை, நினைவுக்கு வந்தபடி எழுதியிருக்கிறேன்.

1. ஃபீஸ் கட்டுகிறவர் வேறு, உங்களிடம் வந்திருக்கிறவர் வேறு. நம் ஊரில் பெரும்பாலும் அம்மாதான் முதலில் உள்ளே வருவார். உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பி, "இவன் போனை எடுத்துப் பார்த்தேன் மேடம், எப்படியாவது மாத்திக் கொடுத்துடுங்க" என்பார். இருபது வயதுப் பையன் கடைசி நாற்காலியில் குனிந்தபடி செல்போன் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பான். அம்மா சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "உங்களோட தனியா ஒரு நாள் பேசறேன், இப்ப தம்பிகிட்டப் பேசணும்" என்று சொல்லிக் கதவு வரை கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கதவு மூடுகிற வரை பையன் வாயைத் திறக்க மாட்டான். திறந்ததும் அவன் சொல்வதில் பாதி, அம்மாவின் குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும்: தூக்கம் வரவில்லை, அரியர் விழுந்திருக்கிறது, ஹாஸ்டலில் கேலி செய்கிறார்கள் என்று. அவன் எதற்காக உதவி கேட்கிறானோ அதுதான் உங்கள் வேலை.

2. "மாற்ற முடியுமா?" என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். முடியாது. முயல்வதும் தவறு. இதைச் சொல்வதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும், எனவே வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1950களில் அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்களைப் பார்த்து எழுதியதுதான். அங்கே போய்த் தேடினால் யாரும் நோயாளியாகத்தான் தெரிவார்கள். எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர், சிகிச்சைக்கே போகாமல் சாதாரண வாழ்க்கை வாழ்ந்த 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், வயது, படிப்பு, நுண்ணறிவு ஈவு எல்லாம் பொருந்திய 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் எடுத்தார். இருதரப்புக்கும் ரோர்ஷாக் மைத்தடச் சோதனை முதலானவற்றைக் கொடுத்து, விடைகளைப் பெயர் மறைத்து அந்தத் துறையின் நிபுணர்களிடம் நீட்டினார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் வந்த அந்தக் கட்டுரை, 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியதற்கு முக்கியமான அடித்தளம். உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது.

இதற்கு எதிராக ராபர்ட் ஸ்பிட்ஸரின் ஆய்வை யாராவது காட்டக்கூடும். 1973 மாற்றத்தில் முக்கியப் பங்கு வகித்த அதே ஸ்பிட்ஸர்தான், 2003இல், மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடிகிறது என்று எழுதினார். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க அவரிடம் வழியே இல்லை. 2012இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பாலீர்ப்பை மருத்துவ வழியில் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய "மாற்று சிகிச்சை" மருத்துவருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பெற்றோர் கேட்டார்கள் என்பது சாக்கு ஆகாது.

3. "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று சொல்கிறவர்களிடம் மட்டும் கறாராகப் பேசுங்கள். வேறு ஒரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலான அப்பாக்களுக்கு உறைக்கும்.

4. பெற்றோரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர்கள் கோபமாக வருவார்கள், உள்ளே பயம்தான் இருக்கும். கெய்ட்லின் ரையன் குழுவினர் 2009இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்களிடையே தற்கொலை முயற்சி, ஒதுக்கப்படாதவர்களைவிட 8 மடங்குக்கும் மேல் இருந்தது. இது அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் "உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிற மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று பெற்றோரிடம் சொல்ல இதைவிட வலுவான ஆய்வு எனக்குத் தெரியாது.

5. உடல் தோற்றக் கவலையை "டீன் ஏஜ் பிரச்சினை" என்று ஒதுக்காதீர்கள். பசிபிக் தீவான ஃபிஜியில் பூசினாற்போல இருப்பதுதான் அழகு என்று காலம் காலமாக நினைத்தார்கள். 1995இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கிருந்த பள்ளி மாணவிகளை அப்போதும், மூன்று வருடம் கழித்து 1998இலும் பார்த்தார். எடை குறைக்க வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே வருடத்தில் அது 11.3 சதவீதம். இரு தடவையும் ஒரே மாணவிகள் இல்லை, எண்ணிக்கையும் அறுபது சொச்சம்தான், எனவே தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்தத் தொலைக்காட்சியின் இடத்தில் ரீல்ஸ்.

நம் வீடுகளில் இதோடு நிறமும் சேரும். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல்தான் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதை எடுத்தது. விசேஷ வீட்டில் சித்தி ஒருத்தி "என்னடி கறுத்துப் போயிட்ட, இப்படி ஊதிட்ட?" என்று கேட்டது மூன்று வருடம் கழித்தும் ஒரு பெண்ணுக்கு நாள், நேரம், உடுத்தியிருந்த தாவணி வரை நினைவிருக்கும். அவளிடம் "உனக்கு என்ன குறை, அழகாத்தானே இருக்க" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அழகு பற்றிய இன்னொரு தீர்ப்பு அது. என்ன செய்கிறாள் என்று கேளுங்கள்: கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம், போட்டோ எடுக்கும்போது எங்கே நிற்கிறாள், எந்த வேளைச் சாப்பாட்டை விடுகிறாள், சாப்பிட்டதும் பாத்ரூம் போகிறாளா. எடை குறைந்து வந்தால் பாராட்டிவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றிருந்தாலோ மயங்கி விழுந்திருந்தாலோ முதலில் மருத்துவர், பிறகுதான் நீங்கள்.

ஆண் பிள்ளைகளையும் கேளுங்கள். உடம்பு எவ்வளவு ஏறினாலும் தான் ஒல்லி என்றே நம்புகிற கோளாறை ஹாரிசன் போப் குழுவினர் 1997லேயே விவரித்துவிட்டார்கள். ஜிம்மில் கொடுக்கிற ஊசி என்ன, பவுடர் என்ன என்று நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

6. இரவு பதினொரு மணி டிவி நிகழ்ச்சி பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி" என்று வருகிற இளைஞர்களும் உண்டு. லாட்ஜில் ரூம் போட்டு முகாம் நடத்துகிறவரிடம் ஏற்கெனவே சில ஆயிரங்களைக் கொடுத்திருப்பார்கள். சுய இன்பத்தாலோ தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலோ உடம்பு கெட்டுவிட்டது என்ற இந்தப் பயத்தை 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாது' நோய்த்தொகுதி என்று குறித்தார். சிரிக்காதீர்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்குங்கள். கூடவே மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. பாலினம் நாம் வளர்க்கிற வளர்ப்பில் மட்டும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் டேவிட் ரைமரின் கதையைப் படிக்கச் சொல்லுங்கள். கனடாவில் கைக்குழந்தையாக இருந்தபோது அறுவைச் சிகிச்சைத் தவறில் ஆணுறுப்பை இழந்தவர் அவர். ஜான் மணி என்ற உளவியலாளரின் யோசனைப்படி பெண்ணாக வளர்த்தார்கள். வெற்றி என்று பாடப் புத்தகங்கள் எழுதின. பதின்வயதிலேயே அவர் ஆணாக வாழத் திரும்பிவிட்டது 1997இல்தான் ஆய்வுலகுக்கு விவரமாகத் தெரிந்தது. 2004இல் தற்கொலை செய்துகொண்டார். பிறப்பிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத ஊடுபால் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தில்லாதபோது பால் "சரிசெய்யும்" அறுவைச் சிகிச்சையைத் தமிழ்நாடு 2019இல் தடை செய்தது. பச்சைக் குழந்தையோடு பதறி வருகிற பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அதே சமயம் "ஆம்பள மூளை, பொம்பள மூளை" என்று பேசுகிற பேச்சாளர்களையும் நம்ப வேண்டாம். ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை அலசியபோது, ஆண் பெண் வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவையாகவோ கிட்டத்தட்ட இல்லாதவையாகவோ இருந்தன.

8. ரகசியம் காப்பேன் என்று சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். ஒரு குழந்தை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால் அது துரோகம் போலத்தான் படும். முதல் நாளே சொல்லுங்கள்.

9. உங்களுக்கே கூச்சம் இருக்கும், சாமி நம்பிக்கை இருக்கும், சாதிக் கட்டுப்பாடு கூட இருக்கும். மறைக்க வேண்டாம், ஒரு மூத்தவரிடம் போய்ப் பேசுங்கள். மேலே சொன்ன வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதை உத்தரவிலேயே பதிவும் செய்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எதற்கு?

10. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஏளனம் செய்யாத ஒரு மனநல மருத்துவர், ஒரு மகளிர் மருத்துவர், ஹார்மோன் பற்றித் தெரிந்த ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், உங்கள் ஊரில் இயங்கும் திருநர் அமைப்பு ஒன்று. ஒவ்வொருவரையும் நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நடு இரவில் கூப்பிட 14416, அரசின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வெளியே போகிற ஒவ்வொருவர் கையிலும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.