குளுக்கோமீட்டர் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

வீட்டு குளுக்கோமீட்டரில் 168. அதே நேரத்தில் லேபில் 150. கருவி பழுதாகிவிட்டதோ என்று பலர் பதறுகிறார்கள். தேவையில்லை.

எண்ணைத் தருவது கருவியில் செருகும் ஸ்ட்ரிப் (சோதனைப் பட்டை). அதன் நுனியிலுள்ள நுண்குழாய் ஒரு சிறு துளி இரத்தத்தைத் தானே உறிஞ்சும். உள்ளே பூசிய நொதி (என்சைம்) குளுக்கோஸுடன் வினைபுரியும்போது உண்டாகும் மெல்லிய மின்னோட்டமே எண்ணாக மாறுகிறது. ஐஎஸ்ஓ 15197:2013 என்ற பன்னாட்டுத் தரநிலை, லேப் அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. 150-க்கு 128 முதல் 172 வரை காட்டலாம். சாப்பிட்ட பிறகு, விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை சிரை (வெயின்) இரத்தத்தைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்.

அடுத்தடுத்த சோதனைகளில் எண் தாறுமாறாக மாறினாலோ, உடல்நிலைக்குப் பொருந்தாவிட்டாலோ தவறு இருக்கலாம். பழம் நறுக்கிய விரல் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஈரம், வெயில், காலாவதி ஆகியவை ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். இரத்தசோகையில் எண் கூடித் தெரியலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அதிக அளவில் வைட்டமின் சி எடுப்பவர்கள் தங்களுக்கு ஏற்ற ஸ்ட்ரிப் எதுவென்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோப்பால் கை கழுவி நன்றாகத் துடையுங்கள். ஸ்பிரிட் தடவினால் உலரட்டும். விரல்நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், அழுத்திப் பிழியாதீர்கள். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே மூடி வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். லான்செட்டை (குத்தூசி) வீட்டாருடன்கூடப் பகிராதீர்கள். மஞ்சள்காமாலைக் கிருமி பரவும். சந்தேகம் இருந்தால் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். அடுத்த முறை லேபில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும்போது உங்கள் கருவியிலும் சோதித்து ஒப்பிடுங்கள்.

எண் 70-க்குக் கீழே போனாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தாலோ தாமதிக்காமல் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். 300-க்கு மேல் நீடித்து, வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஓர் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும், நல்ல எண் வந்ததும் நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாற்றுக்கு மாறுவதும் ஆபத்து. நீரிழிவு இருக்கிறதா என்பதையும் இந்தக் கருவியை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதற்கு லேப் சோதனை வேண்டும். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எண்ணோடு எழுதி வையுங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்து மருத்துவர் மருந்தை மாற்றட்டும்.