ப்ராக்ஸி சர்வர் மந்தமா? பயனுள்ள 10 குறிப்புகள்

அலுவலகத்திலோ கல்லூரி லேபிலோ "நெட் ஸ்லோ" என்று குரல் எழுந்தால், பழி இணைய இணைப்பின் மேல்தான் விழும். நடுவில் இருக்கும் ப்ராக்ஸியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பரவலாகப் புழங்கும் ஸ்க்விட் ப்ராக்ஸியில் நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் வழிகள் இதோ.

1. தாமதம் ப்ராக்ஸியால்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சர்வரிலிருந்தே ஒரு தளத்தை நேரடியாக ஒரு முறையும், 3128 போர்ட் வழியாக ஒரு முறையும் திறந்து பாருங்கள். இரண்டுமே மெதுவென்றால் ப்ராக்ஸியை விட்டுவிட்டு லைனைக் கவனியுங்கள்.

2. ஒரு சில கம்ப்யூட்டர்களில் மட்டும், அதுவும் பிரவுசரைத் திறந்ததும் வரும் முதல் பக்கம் மட்டும் இழுத்தடிக்கிறதா? ப்ராக்ஸியைத் தானாகத் தேடும் வசதி ஆன் ஆகியிருக்கலாம். அதை அணைத்துவிட்டு முகவரியை நேரடியாகக் கொடுங்கள்.

3. ஆக்சஸ் லாகைத் திறங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதாக வரும் எண்தான் அந்தக் கோரிக்கைக்குப் பிடித்த நேரம். மில்லி விநாடிக் கணக்கு. 5000 என்றால் 5 விநாடி. எல்லாத் தளங்களுக்கும் எண் பெரிதாக இருக்கிறதா, ஒரே தளத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். ஒரே தளம் என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை.

4. அதே லாகில் 'டிசிபி டனல்' என்று வரும் வரிகளில் எண் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு திறந்தது முதல் மூடியது வரையான மொத்த நேரம் அது. அரை மணி நேரம் திறந்திருந்த இணைப்புக்கு 1800000 என்றுதான் காட்டும்.

5. பக்கம் 5 விநாடி அசையாமல் நின்று, பிறகு சட்டென்று வந்து விழுகிறதா? டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். கேட்ட டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால், வழக்கமான அமைப்பில் ஸ்க்விட் 5 விநாடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். வேலை செய்யாத முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

6. எல்லோரும் ஒரே சமயத்தில் உட்காரும் காலை வேளையில் மட்டும் தொங்குகிறதா? கேஷ் லாகைப் பாருங்கள். ஃபைல் டிஸ்கிரிப்டர் தீர்ந்து வருகிறது என்ற எச்சரிக்கை இருந்தால், வரம்பு பழைய 1024-லேயே நிற்கிறதா என்று பார்த்து உயர்த்துங்கள். பயனர் பக்கம் ஒன்று, இணையத் தளத்தின் பக்கம் ஒன்று என ஒரு கோரிக்கைக்கே இரண்டு செலவாகும்.

7. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் ப்ராக்ஸியா? அதைச் சரிபார்க்கும் துணை புரோகிராம்கள் எல்லாம் பிஸி என்ற எச்சரிக்கையும் கேஷ் லாகிலேயே பதிவாகும். அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

8. ரேமில் கேஷுக்கு ஒதுக்கும் 'கேஷ் மெம்' அளவை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். அது ஸ்க்விட்டின் மொத்த மெமரிக்கான வரம்பு இல்லை. டிஸ்க் கேஷில் ஒவ்வொரு ஜிபிக்கும், 64 பிட் இயந்திரத்தில் சுமார் 14 எம்பி ரேம் அட்டவணைக்கே தனியாகப் போகும். 100 ஜிபி கேஷ் என்றால் 1.4 ஜிபி ரேம் அதிலேயே காலி. ரேம் போதாமல் ஸ்வாப்பில் இறங்கினால் எல்லோருக்கும் மந்தம்தான்.

9. டிஸ்க் கேஷ் தேவையா என்றும் யோசியுங்கள். இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ்; டனலில் போவதைச் சேமிக்க முடியாது. ஆக்சஸ் லாகில், கேஷிலிருந்தே கொடுத்ததைக் குறிக்கும் 'ஹிட்' வரிகள் அபூர்வம் என்றால் டிஸ்க் கேஷை நிறுத்திவிடலாம். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

10. தடை செய்த தளங்களின் பட்டியலை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக நீளமாக எழுதியிருந்தால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் சிபியு அதை வரி வரியாக ஒப்பிடும். டொமைன் பெயர்ப் பட்டியலாக மாற்றுங்கள்; தேடல் பல மடங்கு வேகமாகும்.

எந்த மாற்றத்துக்கும் முன் கான்ஃபிக் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆக்சஸ் லாகில் அந்த இரண்டாவது எண் குறைகிறதா என்று பாருங்கள். புது சர்வர் வாங்கப் பணம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.