நாற்கண் இரலை

ஆப்பிரிக்கக் காடுகளில் மான் கூட்டங்களைக் கண்டதாகப் பயணக் கட்டுரையாளர் பலர் எழுதுகின்றனர். சகாராப் பாலைக்குத் தெற்கே இயல்பாக வாழும் மானினம் ஒன்றேனும் இல்லை என்பதே உண்மை. மானின் கொம்பு கிளைவிடுவது. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. அங்குள்ள விலங்குகளின் கொம்போ எலும்பின்மேல் உறையாக அமைந்து வாழ்நாள் முழுதும் நிலைப்பது. இவற்றை இரலை என்பதே பொருந்தும். தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்னும் பெயர்களைப் புல்வாயின் ஆணுக்கு உரியனவாகக் கூறும். ஆண்பாற் பெயர் இன்று இனப்பெயராக விரிந்துள்ளது. மாணவர்கள் மொழிபெயர்க்குங்கால் இவ்வேறுபாட்டைப் பேணுதல் நன்று.

இரலைகளுள் மிக அருகியவற்றுள் ஒன்று ஹிரோலா. கென்யாவின் கிழக்கே, சோமாலிய எல்லையை ஒட்டிய வறண்ட புல்வெளியே அதன் தாயகம். ஆயினும் பயணிகள் அதனைத் தேடிச் செல்வது சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவிற்கே. செம்மண் படிந்து சிவந்த யானைகள், கலானா ஆறு, ஏறத்தாழ 300 கி.மீ. நீளும் யாட்டா எரிமலைப் பாறை மேடு என அங்கே வண்டிப் பாதையெங்கும் கண்ணுக்கு விருந்துதான். அவ்விருந்தில் மயங்குவோர் ஹிரோலாவைக் காணாமலே திரும்புவர். அது தென்பகுதிப் புல்வெளிகளில், காலையிலும் மாலையிலும் குறும்புல் மேய்வது. பிற விலங்குகளுடன் கலந்து நிற்பதும் உண்டு.

தோற்றத்தில் அதனோடு மயங்குவது கொங்கோனி என்னும் இரலை. இரண்டும் மணல் நிறத்தன, நீண்ட முகத்தன. முதலில் கொம்பை நோக்குக. கொங்கோனியின் கொம்பு தலையுச்சியில் எழுந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் வளையும். ஹிரோலாவினது யாழ்க்கோடு போல் வளைந்து மேலே நிமிரும். பின் முகத்தை நோக்குக. கண்களைச் சூழ்ந்த வெண்வளையங்களை நெற்றியில் ஒரு வெண்கோடு இணைக்கும்; மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போன்ற தோற்றம். கண்ணின் கீழுள்ள பெரிய சுரப்பி மற்றொரு கண்ணெனத் தோன்றுவதால் நாற்கண் இரலை என்றும் வழங்குவர். வாலும் வெண்மையானது.

சாவோ அதன் பிறந்தகம் அன்று. 1963 இல் ஒரு சிறு கூட்டம் அங்கே கொணர்ந்து விடப்பட்டது. 1970களில் பத்தாயிரத்திற்கு மேல் இருந்த இவ்வினத்தை 1980களில் பரவிய வெக்கை நோய் பெரிதும் அழித்தது. யானைகள் வேட்டையாடப்பட்டதும் ஒரு காரணமே. மரங்களைச் சாய்த்துப் புல்வெளியைக் காத்தவை யானைகள். அவை குறையவே முட்புதர் மண்டியது. இன்று எஞ்சியவை சில நூறே.

1996 இல் அரசின் வனவிலங்குத் துறை மேலும் சிலவற்றைச் சாவோவிற்குக் கொண்டுசெல்ல முனைந்தபோது, காரிஸா மாவட்டத்துச் சோமாலி முஸ்லிம்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். தம் மண்ணின் விலங்கை அகற்றலாகாது என்பது அவர்தம் வழக்கு. நிலத்தைத் துய்க்கும் உரிமையுடையோர்க்கு அந்நிலத்து உயிரினங்களிலும் உரிமையுண்டு எனக் கருதிய நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 29 விலங்குகள் சாவோவில் விடப்பட்டிருந்தன. ஆடு மாடுகளே செல்வமாகக் கொண்ட ஏழை மேய்ப்பர்கள், விற்கவும் உண்ணவும் ஆகாத ஒரு காட்டு விலங்கிற்காக வழக்காடினர்! அதனை அமானிதமாகக் கருதினர் என்றே யான் கொள்கிறேன். துறையினரின் அச்சத்தையும் பழித்தல் தகாது. ஒரே இடத்தில் உள்ள இனம் ஒரே நோயில் அழியக்கூடும். 2011 இல் சாவோவில் எண்ணப்பட்டவை 76. பெருகவும் இல்லை, அழியவும் இல்லை.

தாயகத்திலோ வழக்கு வென்றால் மட்டும் போதுமா? தானா ஆற்றின் அருகே இஷாக்பினி என்னுமிடத்தில் அம்மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தந்தனர். 2012 இல் ஊனுண்ணிகள் புகாவண்ணம் வேலியிட்டு 48 ஹிரோலாக்கள் உள்ளே விடப்பட்டன. சில ஆண்டுகளில் அத்தொகை நூற்றைக் கடந்தது. வேலிக்கு வெளியேயும் காரிஸாப் பகுதியில் புதர்களை அகற்றிப் புல் விதைக்கும் பணி நடைபெறுகிறது. அதில் ஊர்மக்களும் பங்குகொள்கின்றனர். அப்புல் அவர்தம் மாடுகளுக்கும் வேண்டுவதன்றோ?