‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்றால்...

2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். இரவு பதினொரு மணிக்கு, பல வருடங்களாக என்னிடம் வரும் குடும்பத்திலிருந்து போன்.

"டாக்டர், அப்பாவுக்கு ஏற்கெனவே கேன்சர் முத்திப் போச்சு. இப்போ கொரோனாவும் சேர்ந்துக்கிச்சு. ‘இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க’ன்னு சொல்லிட்டாங்க. கபசுரக் குடிநீர் கொடுக்கிறோம். வாயில விட்டா இருமுறார், பாதி வெளியே வழியுது. இன்னும் கெட்டியாக் காய்ச்சிக் கொடுக்கட்டுமா?"

"முதல்ல கஷாயத்தை நிறுத்துங்க" என்றேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்ற திகைப்பு!

காரணம் இதுதான். விழுங்கும் சக்தி குறைந்தவருக்குப் புகட்டும் கஷாயமோ கஞ்சியோ மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். புரையேறி, திணறல் இன்னும் அதிகமாகும்.

நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று சித்த மருத்துவம் பிரிக்கிறது. அசாத்தியம் என்றால் தீர்க்க முடியாதது. அதற்காக நோயாளியைக் கைவிடலாம் என்று அர்த்தமில்லை. வலியையும் திணறலையும் பயத்தையும் குறைப்பதற்கென்றே ஒரு வைத்தியம் இருக்கிறது. ‘பேலியேட்டிவ் கேர்’, அதாவது ஆதரவு சிகிச்சை. 1967-ல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் இதற்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு இதை ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது.

ஒன்றை மறக்காதீர்கள். தொற்றுக் காலத்தில் மூச்சு வாங்கும் எல்லோருமே கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் அல்ல. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் அப்படிச் சொன்ன பிறகு, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை:

மூச்சுத் திணறல்: தலையணைகளை அடுக்கிச் சாய்வாக உட்கார வையுங்கள். ஜன்னலைத் திறந்து, நல்ல காற்று வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். வலிக்கு மட்டுமல்ல, கடைசிக் கட்டத் திணறலுக்கும் அது கைகொடுக்கும். ‘சீக்கிரம் கொன்னுடும்’ என்பது வீண் பயம். அவர் சொன்ன அளவை மட்டும் மீறாதீர்கள்.

சாப்பாடு: பசி அடங்குவது உடம்பின் இயல்பு. கேட்டால் மட்டும், நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனில் கொஞ்சமாகக் கொடுங்கள். வாய் உலர்ந்தால் சுத்தமான ஈரத்துணியால் உதட்டைத் துடையுங்கள்.

படுக்கை: இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். தொண்டையில் ‘கடகட’ சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது நல்லது.

தொற்று: ஒருவர் மட்டும், மாஸ்க் அணிந்து, கைகளை சோப்புப் போட்டுக் கழுவிக் கவனிக்கட்டும். மற்றவர்கள் கதவருகே நின்று பேசலாம். ஆஸ்பத்திரியில் இருந்தால், போனை அவர் காதருகே வைக்கும்படி நர்ஸிடம் கேளுங்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்கலாம்.

வென்டிலேட்டர் வேண்டுமா, வீட்டிலேயே இருக்க ஆசையா என்பதை, பெரியவர்கள் தெளிவாக இருக்கும்போதே கேட்டுவையுங்கள். இதை முன்கூட்டியே எழுதிவைக்க, 2018-ல் சுப்ரீம் கோர்ட் வழிசெய்தது; 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது? கஷாயத்தை நிறுத்தினார்கள். கேன்சர் டாக்டரின் ஏற்பாட்டில் மறுநாள் மார்ஃபின் ஊசி போட்டார்கள். திணறல் தணிந்தது. அவருடைய மனைவி மாஸ்க்கோடு வாசற்படியில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரியவர் அடங்கினார்.

சில மாதம் கழித்து மகன் வந்தார். "கடைசி நாள்ல கூட, ‘வாயைத் திறங்கப்பா’ன்னு அதட்டிட்டு இருந்திருப்பேன் டாக்டர். அதுக்குப் பதிலா அவர் கையைப் பிடிச்சுட்டு இருந்தேன்" என்றார்.

செய்ய முடிந்ததில் அதுவும் ஒரு வைத்தியம்தான்.