பார்க்கிறவரும் நடிக்கும் நாடகம்

புத்தளம் கடற்கரையில் உடப்பு மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது, ஒருவர் அம்பாப் பாட்டெடுக்க மற்றவர்கள் எதிர்ப்பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். பாட்டும் வேலையும் எல்லோருக்கும் பொது.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய விவாத அரங்கும் இப்படித்தான். நாடகம் கெட்ட முடிவில் நிற்கும். பிறகு மறுபடி நடிப்பார்கள். அப்போது பார்ப்பவர் "நிறுத்துங்க!" என்று சொல்லி, உள்ளே வந்து தானே நடித்து வேறு வழி தேடலாம்.

நம் பிரட்டுக்களத்திலும் செய்து பாருங்கள். கையுறை, முகமூடி இல்லாமல் மருந்து அடிக்கச் சொல்கிறார் கங்காணி. தொழிலாளி வாய் திறக்கவில்லை. மாலையில் மயங்கி விழுகிறார்.

அந்த இடத்தில் நீங்க என்ன சொல்வீங்க? தனியாகவா, நாலு பேர் சேர்ந்தா கேட்பீங்க? கங்காணியாகவும் நடித்துப் பாருங்க. நாடகத்தில் தடுமாறினால் நஷ்டமில்லை. அங்கே பேசிப் பழகின வாய், மலையில் அடைக்காது.